பந்தாட்ட வீரர் சுவென் ரிடெல்

ஐரோப்பாவின் வடபகுதியில் அமைந்தது சுவீடன் நாடு. அந்நாட்டின் மேலைக் கடற்கரையில் கோத்தன்பர்க் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அந்நகரில் 1905ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் சுவென் ரிடெல் பிறந்தார். இளமையிலேயே கால்பந்தாட்டத்தில் தேர்ச்சி பெற்ற இவர், 1923ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், நாட்டின் அணியில் இடம் பெற்றார். எதிரணியினரின் காவலைக் கடந்து பந்தை வலைக்குள் செலுத்தும் முன்னணி ஆட்டக்காரராக விளங்கினார். பந்தாடுவதற்கு ஊதியம் பெறுதல் அக்காலத்தில் சுவீடனில் விதிக்கு மாறானது. ஆதலின் ஆட்டத்தின்மேல் கொண்ட விருப்பமே வீரர்களைக் களத்திற்கு அழைத்தது.

1924ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. சுவீடன் அணி தன் முதல் ஆட்டத்தில் பெல்சியத்தை எதிர்த்தது. பெல்சியமோ 1920ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் வென்ற அணி. அவ்வணியை 8-1 என்னும் கோல் கணக்கில் சுவீடன் வென்றது, உலகோர் வியந்தனர். அடுத்து எகிப்தையும் 5-0 என்று வென்றது. ஆயினும், அரையிறுதி ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 1-2 என்று தோற்றது. பொற்பதக்கக் கனவு கலைந்தது.

எஞ்சியிருந்தது மூன்றாம் இடம் ஒன்றே. அதற்காக நெதர்லாந்துடன் ஆடினர். அவ்வாட்டம் 1-1 என்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மறுநாளே மீண்டும் ஆட வேண்டியதாயிற்று. தோல்வியின் வருத்தமும் உடற்களைப்பும் சூழ்ந்திருந்த அந்நாளில் ரிடெல் ஊக்கம் குன்றவில்லை. சுவீடன் அடித்த மூன்று கோல்களுள் இரண்டு இவருடையவை. 3-1 என்று வென்ற சுவீடன் வெண்கலப் பதக்கம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் அந்நாடு பெற்ற முதற்பதக்கம் அதுவே.

சுவீடனில் ஆண்டுதோறும் சிறந்த விளையாட்டுச் சாதனைக்கு ஒரு நாளிதழ் பொற்பதக்கம் வழங்கி வருகிறது. 1931ஆம் ஆண்டில் அச்சிறப்பு ரிடெலுக்குக் கிடைத்தது. கால்பந்தாட்ட வீரர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. 1932ஆம் ஆண்டில் நாட்டின் அணியிலிருந்து விலகியபோது, இவர் 43 ஆட்டங்களில் 49 கோல்கள் அடித்திருந்தார்.

ரிடெல் 1975ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குப் பின் சுவீடனில் சிறந்த வீரர் பலர் தோன்றினர். 1948ஆம் ஆண்டில் அந்நாடு ஒலிம்பிக் பொற்பதக்கமும் வென்றது. எனினும் அந்த 49 என்னும் எண்ணை எவரும் எட்டவில்லை. 82 ஆண்டுகளுக்குப் பின், 2014ஆம் ஆண்டில், இப்ராகிமோவிச் என்னும் வீரரே அதனைக் கடந்தார். அதற்குள் அவர் ஆடிய ஆட்டங்களோ ரிடெல் ஆடியவற்றைப் போல் இரு மடங்கிற்கும் மேற்பட்டவை.

மாணவர்களே, பெரும்பரிசு கைநழுவிய பின்னும் எஞ்சிய பரிசுக்காக முழு ஆற்றலுடன் முயல்வது அரிய பண்பு. ரிடெலின் வாழ்வில் 1924ஆம் ஆண்டின் அந்த மறுநாள் நமக்கு உணர்த்துவது அதனையே. பிறர் கடக்க இயலும் எண்ணிக்கையினும் அப்பண்பே நெடுநாள் நிலைக்கும்.