பீர் ஆலையில் பிறந்த ‘டி’ கணக்கு: யார் இந்த ‘ஸ்டூடன்ட்’?

இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் கோசெட், 1899-ல் டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லியின் தரத்தைச் சோதிக்கணும். சிக்கல் என்னன்னா, கையில் கிடைப்பது சில மாதிரிகள்தான். அவற்றின் சராசரியை எந்த அளவுக்கு நம்பலாம்?

அப்போதிருந்த முறை பெரிய எண்ணிக்கைக்கே சரிவரும். 4, 5 மாதிரிக்கு அதைப் போட்டால், பிழை எல்லை உண்மையைவிடக் குறுகிவிடும். ஏன்னா, தரவின் சிதறலையே அந்தச் சில மாதிரிகளை வச்சுத்தான் ஊகிக்கிறோம்.

1908-ல் கோசெட் இதற்கு வழி கண்டார். 95% நம்பிக்கை இடைவெளிக்கு, சராசரியின் திட்டப் பிழையை 1.96-ஆல் பெருக்குவது பெரிய எண்ணிக்கைக்கான முறை. அவர் வழியில் வந்த ‘டி’ அட்டவணைப்படி, 5 மாதிரி என்றால் 2.78-ஆல் பெருக்கணும். தரவு குறைஞ்சா இடைவெளி விரியும், அவ்வளவுதான்.

சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை அனுமதிக்காததால், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். 1937-ல், 61 வயதில் மறைந்தார். ஆனால் ‘ஸ்டூடன்ட் டி’ இன்றும் புள்ளியியல் பாடத்தில் இருக்கு.