மூங்கிற் குழலில் தொடங்கிய இசை

பள்ளித் திடலில் கொடி ஏறுகையில் நாம் பாடும் ‘மாஜுலா சிங்கப்பூரா’ என்னும் நாட்டுப்பண்ணை இயற்றியவர் ஸுபிர் சயிட் என்பதை மாணவர் பலர் அறிவர். அப்பெருமகனார் இசையை எவ்வாறு கற்றார் என்பதை அறிந்தவர் சிலரே.

அவர் 1907ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், சுமத்திரா தீவின் மேற்குப் பகுதியிலுள்ள புக்கிட்டிங்கி என்னும் மலையூரில் பிறந்தார். பிள்ளைகள் எண்மருள் இவரே மூத்தவர். ஏழு வயதில் தாயை இழந்தார். தந்தையார் ஊர்த்தலைவர், சமயப் பற்று மிக்கவர். இசைத்தொழில் சமயத்திற்கு ஒவ்வாது என்பது அவரது உறுதியான எண்ணம். ஆதலால் மகனுக்கு வீட்டில் ஆசிரியர் வைத்து இசை பயிற்றுவிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

பள்ளியில் உடன்பயின்ற தோழன் ஒருவன் அவருக்கு எண்களால் இசை எழுதும் முறையைக் கற்றுக்கொடுத்தான். இம்முறையில் 1 முதல் 7 வரையுள்ள எண்கள் ஏழு சுரங்களைக் குறிக்கும். நம் ச, ரி, க, ம, ப, த, நி என்னும் எழுத்துகள் செய்யும் வேலையை அங்கே எண்கள் செய்கின்றன. எண்ணின் மேல் புள்ளி இருந்தால் மேல் தாயி. கீழே புள்ளி இருந்தால் கீழ்த் தாயி. கோடு வந்தால் முன் வந்த சுரத்தை நீட்டவேண்டும். சுழி வந்தால் ஒலியின்றி நிற்கவேண்டும். நம் சட்சம் பாடுவோர் குரலுக்கேற்ப உயர்ந்தும் தாழ்ந்தும் அமைவது போலவே, எண் 1 எந்தச் சுருதியிலும் நிற்கலாம். சரளிவரிசை பயின்ற பிள்ளைகளுக்கு இம்முறை ஒரு நாளில் விளங்கிவிடும்.

எண்களைக் கற்றாயிற்று, வாசிக்கக் கருவி வேண்டுமே! சிறுவர்கள் மூங்கிலை வெட்டித் தாமே குழல் செய்துகொண்டனர். குழல் செய்வது எளிதன்று. துளைகள் யாவற்றையும் விரலால் மூடி ஊதினால் குழலுக்குள் காற்று நீண்டு நின்று தாழ்ந்த ஒலி பிறக்கும். கடைசித் துளையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தால் காற்றின் நீளம் குறைந்து ஒலி உயரும். துளை சற்றே இடம் தவறினாலும் சுரம் பிசகும். ஆகவே, தானே செய்த குழலை ஊதுகிறவனுக்குச் செவி தானாகவே கூர்மைப்படும். விலை கொடுத்து வாங்கிய கருவி இந்தப் பாடத்தை அவ்வளவு விரைவில் கற்பிக்காது என்றே தோன்றுகிறது.

பின்னர்க் குரோஞ்சோங் இசைக்குழு ஒன்றில் சேர்ந்து கித்தாரும் மத்தளமும் பழகினார். பள்ளியை விட்டபின் செங்கல் அறுத்தார். தட்டெழுத்தராகவும் வேலை பார்த்தார். வயலினும் பயின்று, சுமத்திராவில் ஊர் ஊராகச் சென்ற குழுவுக்குத் தலைவரானார்.

1928இல், தந்தையாரின் மனத்தாங்கலுக்கு இடையே, சரக்குக் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21. ‘சிட்டி ஆப்பரா’ என்னும் பங்சாவான் நாடகக் குழுவில் வேலை கிடைத்தது. பங்சாவான் என்பது பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து மலாய் மக்கள் வளர்த்துக்கொண்ட இசைநாடகம். நம் பழைய தமிழ் நாடக மேடைக்கும் அப்பார்சி நாடகம் உறவுடையதே. இங்கேதான் ஐந்து கோடுகளின்மேல் எழுதும் மேனாட்டு இசைக்குறிப்பையும் பியானோவையும் அவர் கற்றார்.

1936இல் ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். 1938இல் தர்மீனா என்னும் குரோஞ்சோங் பாடகியை மணந்தார். 1941இல் ஊர் திரும்பியவர், போர் முடிந்தபின் 1947இல் மீண்டும் இங்கு வந்தார். பிழைப்புக்காக நாளிதழுக்குப் படம் எடுத்ததும் உண்டு. 1949இல் ஷா சகோதரர்களின் படநிறுவனத்திலும், 1952 முதல் கேத்தே-கெரிஸ் நிறுவனத்திலும் மலாய்ப் படங்களுக்கு இசைப்பணி புரிந்தார். அக்காலத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவருள் எல். கிருஷ்ணன் போன்ற தமிழரும் இருந்தனர்.

1958இல் விக்டோரியா அரங்கு புதுப்பிக்கப்பட்டபோது, அதன் திறப்பையொட்டி ஒரு பாடல் வேண்டுமென்று நகர மன்றம் அவரைக் கேட்டுக்கொண்டது. தரப்பட்ட தலைப்பு ‘மாஜுலா சிங்கப்பூரா’. முன்னேறட்டும் சிங்கப்பூர் என்பது பொருள். பாடல் நீளக்கூடாது, சொற்கள் எளியனவாய் இருக்கவேண்டும், மலாய் அறியாத சீனரும் தமிழரும் பாடவேண்டும். பெருங்காவியம் எழுதுவதினும் இது கடினமான வேலை அன்றோ! அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அப்பாடல் அரங்கேறியது. தன்னாட்சி பெற்றபின், சற்றுச் சுருக்கப்பட்டு, 1959 டிசம்பர் 3ஆம் நாள் கொடியோடும் சின்னத்தோடும் மக்கள்முன் வைக்கப்பட்டது. 1965இல் விடுதலை பெற்ற நாட்டின் பண்ணாயிற்று. சிறுவர் தினத்தில் நம் பிள்ளைகள் பாடும் ‘செமோகா பஹாகியா’வும் அவர் இயற்றியதே.

புகழ் வந்தபின்னும் வீட்டில் இசை கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1987 நவம்பர் 16ஆம் நாள் ஜூ சியாட் பிளேசில் இருந்த தம் இல்லத்தில், 80ஆம் வயதில் மறைந்தார்.

2001இல் நாட்டுப்பண்ணின் சுருதி ஒரு முழுச்சுரம் தாழ்த்தப்பட்டது. நம் வழக்கில் சொன்னால், 5 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு இறங்கியது. மெட்டு மாறவில்லை, எண் 1 நிற்கும் இடம் மட்டுமே மாறிற்று. உச்சத்தில் குரல் எட்டாமல் தவித்தவர்களுக்கு அது பேருதவி. கலைப்பள்ளி நிற்கும் சாலைக்கு இன்று ஸுபிர் சயிட் டிரைவ் என்று பெயர்.