எண்ணிப் பார்க்காதவர் பெயரில் ஓர் எண்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது பாய்லர், டர்பைன் என்று ஏதாவது எழுதுவான் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு வக்கீலைப் பற்றி. கெமிஸ்ட்ரி வகுப்பில் நம்மில் யாரும் தப்பிக்க முடியாத 6.022 × 10²³ என்ற எண் அமேடியோ அவகாட்ரோவின் பெயரில் இருக்கிறதே, அவர் படித்தது சட்டம்!

இத்தாலியின் டூரின் நகரில் 1776 ஆகஸ்ட் 9 அன்று பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சட்டத்துறையில் பெரிய மனிதர். பிள்ளையும் அதே வழியில் போய், 20 வயதில் திருச்சபைச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். ஆனால் மனசு அதில் ஒட்டவில்லை. 1800 வாக்கில் கணிதத்தையும் இயற்பியலையும் தாமாகவே படிக்கத் தொடங்கினார். 1809-ல் வெர்செல்லி என்ற ஊரில் ஆசிரியர் வேலை. அங்கிருந்துதான் 1811-ல் அந்தக் கட்டுரையை எழுதினார்.

அப்போது ஒரு சிக்கல். இரண்டு லிட்டர் ஹைட்ரஜனும் ஒரு லிட்டர் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் இரண்டு லிட்டர் நீராவி வருகிறது என்று பிரான்சின் கே-லுசாக் அளந்து காட்டியிருந்தார். எல்லா வாயுவிலும் லிட்டருக்கு ஒரே எண்ணிக்கையில் துகள்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் ஆக்ஸிஜன் இரண்டு லிட்டர் நீராவிக்குப் பங்கு போக வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு ஆக்ஸிஜன் துகளும் பாதியாக வேண்டும். அணு பிளக்காது என்று நம்பிய டால்டன், கே-லுசாக்கின் அளவையே சந்தேகப்பட்டார்.

அவகாட்ரோ இரண்டு பேரையும் கைவிடவில்லை. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கன அளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம்; ஆனால் ஆக்ஸிஜன் மூலக்கூறு தனி ஆள் இல்லை, இரட்டை. பிரிவது அந்த ஜோடிதான், அணு இல்லை என்றார். அட, இவ்வளவுதானா என்று இன்று நமக்குத் தோன்றும். ஒரே இன அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாது என்று பெர்ஸீலியஸ் போன்ற ஜாம்பவான்கள் நம்பிய காலம் அது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

இதன் பலன் என்ன தெரியுமா? எண்ணாமலே எண்ணலாம்! ஹார்டுவேர் கடையில் ஆயிரம் நட்டு கேட்டால் கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, தராசில் போடுவார். அதேதான். ஒரு லிட்டர் ஆக்ஸிஜன் ஒரு லிட்டர் ஹைட்ரஜனைப் போல் சுமார் 16 மடங்கு கனம். ஆகவே மூலக்கூறும் 16 மடங்கு கனம். 2 கிராம் ஹைட்ரஜனிலும் 32 கிராம் ஆக்ஸிஜனிலும் தலை எண்ணிக்கை ஒன்றே. அந்தக் கூட்டத்துக்கு மோல் என்ற பெயர் 1890-களில் ஆஸ்ட்வால்ட் வைத்தது. 36 கிராம் தண்ணீரா? 18-ஆல் வகுங்கள், 2 மோல். என் பாய்லரும் இதில்தான் ஓடுகிறது: 12 கிலோ கார்பன் முழுசாக எரிய 32 கிலோ ஆக்ஸிஜன், அதற்குச் சுமார் 138 கிலோ காற்று. இந்தக் கணக்கில் குறைத்தால் சிம்னியில் கரும்புகை. அதிகமானால் சூடு வீண்.

மனிதர் கதைக்கு வருவோம். 1820-ல் டூரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். மறுவருடம் அரசருக்கு எதிராகக் கிளர்ச்சி. 1823-ல் அவர் பதவி போயிற்று. ஆராய்ச்சிக்கு ஓய்வு கொடுத்ததாக மேலிடத்தில் நாசூக்காகக் காரணம் சொன்னார்கள். சுமார் பத்து வருடம் கழித்துத்தான் திரும்ப அழைத்தார்கள். 1850 வரை பாடம் நடத்தினார். 1856 ஜூலை 9 அன்று காலமானார். தம் கருத்து ஜெயித்ததைப் பார்க்கவில்லை.

நாலே வருடம்! 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வேதியியலார் கூடினார்கள். அவகாட்ரோவின் வழியில் அணு எடைகளை எப்படிச் சரியாகக் கணக்கிடலாம் என்று இன்னொரு இத்தாலியரான கனிட்ஸாரோ அங்கே வாதாடினார். அவருடைய சிறு நூலும் கையில் கையாக விநியோகமானது. கேட்டவர்களில் ஒருவர் மெண்டலீவ். ஒன்பது வருடத்தில் அவருடைய தனிம அட்டவணை வந்தது. கனிட்ஸாரோ இல்லாவிட்டால் அவகாட்ரோ பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

வேடிக்கை என்னவென்றால், அந்த எண்ணை அவகாட்ரோ கணக்கிடவே இல்லை. மூலக்கூறின் அளவை முதலில் மதிப்பிட்டு அதற்கு வழி திறந்தவர் ஆஸ்திரியாவின் லோஷ்மித், 1865-ல். அவகாட்ரோ பெயரை எண்ணுக்குச் சூட்டியவர் பிரான்சின் பெர்ரின், 1909-ல். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்பதே மோலின் வரையறை. அதுவரை 12 கிராம் கார்பன்-12-ஐ வைத்துச் சொல்லி வந்தார்கள். அதற்காக ஜூனியர்கள் பயப்பட வேண்டாம். தண்ணீருக்கு 18 கிராம் என்ற நம் கணக்கு அப்படியே செல்லும்.