கம்போங் மலாக்காவின் சையது உமர்

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் அல்ஜுனிட் என்றால் என்ன என்று கேட்டால், எம்.ஆர்.டி. நிலையம் என்பார்கள். சற்று வளர்ந்தவர்கள் தேர்தல் தொகுதி என்பார்கள். அது ஒரு குடும்பத்தின் பெயர் என்பதும், அந்தக் குடும்பத்தின் பெரியவர் நம் முன்னோர் பிழைத்த அதே ஆற்றங்கரையில் தொழில் செய்தவர் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நம் சங்கத்தின் பொன்விழா மலரில் ஓர் அரபுக் குடும்பத்தைப் பற்றி எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். படித்துவிட்டுச் சொல்லட்டும்.

சையது உமர் பின் அலி அல்ஜுனிட் அவர்கள் 1792-ஆம் ஆண்டு ஏமனின் ஹளரமௌத் பகுதியில், தரீம் நகரில் பிறந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் வழியில் வந்த குடும்பம். ஹளரமௌத் வறண்ட பூமி. மார்க்கக் கல்வி செழித்த ஊரானாலும் பிழைப்புக்குக் கடல் கடக்க வேண்டும். நம் பக்கத்தில் சபுராளி என்று சொல்வோமே, அந்த வாழ்க்கைதான். அவர்கள் வந்து சேர்ந்தது சுமத்திராவின் பலெம்பாங். அங்கே வாசனைப் பொருளும் துணியும் வியாபாரம். 1819-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் ஒப்பந்தம் போட்ட சில மாதங்களுக்குள், சிறிய தந்தை சையது முஹம்மது பின் ஹாரூன் அவர்களுடன் இங்கே வந்துவிட்டார்கள். அப்போது வயது 27.

வியாபாரம் செய்பவர்களாகிய நமக்கு இந்த இடத்தில்தான் வியப்பு வருகிறது. இன்று பார்த்தால் சரியான முடிவு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அன்று நிலைமை அப்படி இல்லை. இந்தத் தீவு தங்களுடையது என்று டச்சுக்காரர்கள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடக்கூடும் என்ற பேச்சும் இருந்தது. 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகே அந்தக் கவலை தீர்ந்தது. அதுவரை இங்கே சரக்கை இறக்கிய வியாபாரி, தேவைப்பட்டால் மறுநாளே கப்பல் ஏறக் கூடியவனாக இருப்பதுதான் புத்திசாலித்தனம். சையது உமர் அவர்களோ வந்த மறு ஆண்டே, 1820-இல், ஆற்றின் தென்கரையில் பள்ளிவாசல் கட்டினார்கள். சரக்கைத் திருப்பி ஏற்றிவிடலாம், பள்ளிவாசலை ஏற்ற முடியாது. இங்கேயே இருப்பதென்று முடிவெடுத்தவர்தான் அதைச் செய்வார்.

மரத்தால் ஆன எளிய கட்டடம் அது. மலாக்காவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்களால் அந்த இடத்துக்குக் கம்போங் மலாக்கா என்று பெயர். சிங்கப்பூரின் மிகப் பழைய பள்ளிவாசல் அதுவே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நம்மவர்களின் கதை இங்கேதான் வந்து சேருகிறது. 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் சூலியா கம்போங் என்று நம்மவர்களுக்கு ஒதுக்கிய இடமும் அதே ஆற்றங்கரையில்தான், சற்று மேலே. கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தொங்கானில் இறக்கி, ஆற்று வழியே கிட்டங்கிகளுக்குக் கொண்டுவர வேண்டும். பிற்காலத்தில் சீனர் கைக்குப் போன அந்தப் படகுத் தொழில், ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் சூலியாக்களின் கையில் இருந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் நம்மவர்களுக்கென்று ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் உருவானது 1826-இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில், படகைக் கரையில் கட்டிவிட்டு நம்மவர்கள் எங்கே போய்த் தொழுதிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

சையது உமர் அவர்களின் கொடை அந்தக் கரையோடு நிற்கவில்லை. பென்கூலன் வீதியில் பென்கூலன்வாசிகள் ஓலைக் கூரையின் கீழ் தொழுதுவந்த பள்ளியை 1845-இல் உறுதியான கட்டடமாக்கித் தந்தவர்களும் அவர்களே. இன்று அங்கே ஜும்ஆ குத்பாவைத் தமிழில் கேட்டுவிட்டு வெளியே வரும் நம்மில் பலர், அதைக் கட்டியவர் பெயரைக் கேட்டதில்லை. சிறிய தந்தையின் மகன் சையது அலி அவர்கள், நகரில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் செலிகி சாலை, தெலுக் ஆயர் முதலிய இடங்களில் பொதுக்கிணறுகள் தோண்டிக் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரை எல்லா இனத்தாரும் குடித்தார்கள்.

சையது உமர் அவர்கள் 1852 நவம்பரில் வஃபாத்தானார்கள். மூன்றாண்டில், 1855-இல், மகன் சையது அப்துல்லாஹ் அவர்கள் மரப் பள்ளியை எடுத்துவிட்டுக் கல்லால் கட்டினார்கள். பேரர் சையது அப்துர் ரஹ்மான் அவர்களின் பெயரால் அறியப்படுவது 1927-இல் தொடங்கிய மத்ரஸா அல்ஜுனிட். நம் குடும்பங்களிலும் அங்கே ஓதியவர்கள் உண்டு.

சொத்துக் கணக்கை ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்ப்போம். வாரிசுக்கு விட்ட நிலம் பராயிள் சட்டப்படி பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் பிரிந்துகொண்டே போகும். அது நியாயமான பங்கீடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று நான்கு தலைமுறையில் ஒரு பெரிய தோட்டமும் துண்டு துண்டாகிவிடும். பிறகு விற்பனை, பிறகு நகர மறுசீரமைப்பு. வக்பு செய்ததோ விற்கவும் முடியாது, பங்கு போடவும் முடியாது. அல்லாஹ்வுக்கென்று எழுதிவைத்தபின் கொடுத்தவரே கேட்டாலும் திரும்பாது.

ஆற்றங்கரையில் அதுதான் நடந்தது. கம்போங் மலாக்கா என்ற குடியிருப்பு இன்று இல்லை. சூலியா கம்போங்கும் இல்லை. தொங்கான்கள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. பத்தாண்டுகள் நடந்த ஆற்றுத் துப்புரவு 1987-இல் முடிந்தது. கிட்டங்கிகள் உணவகங்களாகிவிட்டன. பள்ளிவாசல் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்துக் கட்டினார்கள், 1985-இல் மினாரா எழுந்தது.

முகவரி கெங் சியாவ் ஸ்திரீட். கிளார்க் கீ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் என்பதால் புதிதாகப் போகிறவர்களுக்கு மினாரா சட்டென்று கண்ணில் படாது. யாரிடமாவது மஸ்ஜித் உமர் என்று கேட்டால் காட்டுவார்கள்.