ஈசுவரசந்திர வித்தியாசாகரர்

வங்காளத்துப் பீர்சிங்க கிராமத்திலே, வறிய அந்தணர் குடியில், 1820 ஆம் ஆண்டு இவர் பிறந்தார். கல்கத்தாச் சமஸ்கிருதக் கல்லூரியிற் கற்றுத் தேறி, 1851 இல் அக்கல்லூரிக்கே தலைவராயினார்.

அக்காலத்து உயர்குலச் சிறுமியர் பலர் பாலியத்திலே மணஞ்செய்விக்கப்பட்டு, நாயகனை இழந்தபின் ஆயுள்முழுதும் கைம்மைநோன்பால் வருந்தினர். இக்கொடுமையைச் சாத்திரத்தின் பெயரால் ஆதரித்தோர்க்குச் சாத்திரத்தாலேயே விடையிறுக்கத் துணிந்த இவர், பராசரஸ்மிருதி மறுமணத்துக்கு இடந்தருதலை 1855 இல் நூலெழுதி நாட்டினார். எதிர்த்துக் கையொப்பமிட்டோரே மிகப் பலர். ஆயினும் 1856 இல் விதவா மறுமணச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டமும் மறுமணஞ் செய்தவளுக்கு முதற்கணவன் சொத்தில் உரிமையை நீக்கிற்று. வழக்கமோ எளிதில் மாறவில்லை, மணந்தோர் சிலரே. அம்மணங்களுக்குப் பொருளுதவி இவர் கடனாளியாயினார். 1870 இல் இவருடைய ஏகபுத்திரரும் ஒரு விதவையையே மணந்தார்.

பெண்கல்வியின் பொருட்டு 1857 முதல் 1858 வரை 35 பாடசாலைகளை நிறுவினார். அரசினர் நிலையான பொருளுதவியை மறுத்தபோது, நன்கொடை திரட்டி அவற்றைத் தாங்க முயன்றார். 1858 இல் உத்தியோகத்தைத் துறந்தார். 1891 இல் தேகவியோகமடைந்தார்.

ஆசிரியர்களே, வழக்கத்தைச் சாத்திரமென்று மயங்காது, நூலைத் திறந்து நோக்கி, கண்டவழி முதலில் தம் இல்லத்தில் நிற்றலே கற்றோர் கடனென்பதை இவர் சரித்திரம் நமக்கு உணர்த்துகின்றது.