வால்ட்டர் கேம்ப்

வால்ட்டர் சான்சி கேம்ப் (ஏப்ரல் 7, 1859 – மார்ச் 14, 1925) அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரரும் பயிற்சியாளரும் விளையாட்டு எழுத்தாளரும் ஆவார். ரக்பியை ஒத்திருந்த ஒரு மாணவர் விளையாட்டைத் தனி ஆட்டமாக உருவாக்கிய விதிகளுள் பல இவரால் முன்மொழியப்பட்டவை. இதனால் இவர் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் தந்தை என அழைக்கப்படுகிறார். ஆட்டக்களத்தில் நிகழ்ந்த உயிரிழப்புகளால் 1905 இல் இவ்விளையாட்டு தடை செய்யப்படும் நிலையை எட்டியபோது நடைபெற்ற விதிச் சீர்திருத்தங்களிலும் இவருக்கு முக்கிய பங்குண்டு.

இளமையும் கல்வியும்

கேம்ப் கனெடிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். நியூ ஹேவன் நகரின் ஹாப்கின்ஸ் பள்ளியில் பயின்ற பின் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1880 இல் பட்டம் பெற்றார். தொடர்ந்து அங்கேயே மருத்துவம் பயின்றார். எனினும் அப்படிப்பை நிறைவு செய்யவில்லை. 1876 முதல் 1882 வரை யேல் அணியில் விளையாடினார். பின்னர் நியூ ஹேவன் கடிகார நிறுவனத்தில் பணியில் சேர்ந்து, 1903 இல் அதன் தலைவரானார். காற்பந்தாட்டம் இவருக்கு ஒருபோதும் முழுநேரத் தொழிலாக இருந்ததில்லை.

1888 இல் அலிஸ் கிரகாம் சம்னரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். அலுவலகப் பணியால் கேம்ப் மைதானத்திற்கு வர இயலாத நாட்களில் அலிஸ் பயிற்சியைப் பார்வையிட்டுக் குறிப்பெடுத்து வந்து கணவரிடம் தெரிவிப்பார். 1888 முதல் 1892 வரை இவரது பயிற்சியில் யேல் அணி 67 ஆட்டங்களில் வென்று, 2 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது.

விதிகளின் உருவாக்கம்

1880 இல் கேம்ப்பின் முன்மொழிவின்படி அணியின் வீரர் எண்ணிக்கை 15 இலிருந்து 11 ஆகக் குறைக்கப்பட்டது. ரக்பியில் இரு அணியினரும் பந்துக்காக முட்டி மோதும் முறைக்கு மாற்றாக, ஒரு அணி பந்தைத் தன்வசம் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்கிரிமேஜ் முறை அறிமுகமானது.

இம்முறை எதிர்பாராத சிக்கலை உண்டாக்கியது. 1881 இல் யேல், பிரின்ஸ்டன் அணிகள் மோதிய ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் ஒரு பாதி முழுவதும் பந்தை விடாமல் வைத்துக்கொண்டன. இதற்குத் தீர்வாக 1882 இல், மூன்று முயற்சிகளுக்குள் 5 யார்டு முன்னேறாத அணி பந்தை இழக்கும் என்ற விதி இயற்றப்பட்டது. தூரத்தை அளக்க மைதானத்தில் 5 யார்டுக்கு ஒரு கோடு வரையப்பட்டது. எண்களால் புள்ளி வழங்கும் முறையும் 1883 இல் இவரது முயற்சியால் ஏற்பட்டது.

ஆபத்து வளர்ந்த விதம்

1888 இல் எதிரணி வீரரை இடுப்பிற்குக் கீழே, முழங்கால் வரை பிடித்து வீழ்த்தலாம் என்ற விதி வந்தது. இதனால் திறந்த வெளியில் ஓடும் வீரர் எளிதில் வீழ்த்தப்பட்டார். எனவே அணிகள் விரிந்து ஆடுவதைக் கைவிட்டு, ஒன்றாகத் திரண்டு பந்து வைத்திருப்பவரைத் தள்ளிக்கொண்டு செல்லத் தொடங்கின. 5 யார்டு மட்டுமே தேவைப்பட்டதால் இத்தகைய கூட்டுத் தாக்குதலே போதுமானதாக இருந்தது. 1892 இல் ஹார்வர்டு அணி பறக்கும் ஆப்பு எனும் உத்தியை யேலுக்கு எதிராகப் பயன்படுத்தியது. இரு பிரிவுகளாக ஓடிவரும் வீரர்கள் ஆப்பு வடிவில் இணைந்து, நின்றிருக்கும் ஒரு தடுப்பாளர் மீது மோதுவர். தலைக்கவசம் அக்காலத்தில் கட்டாயமில்லை.

1894 இல் பறக்கும் ஆப்பு தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நடந்த ஹார்வர்டு–யேல் ஆட்டத்தில் பலர் படுகாயமுற்றதால் அடுத்த இரு ஆண்டுகள் அவ்விரு அணிகளும் மோதவில்லை. இக்காலத்தில் முன்னாள் வீரர்களிடம் கருத்துக் கேட்டு, ஆட்டத்திற்கு ஆதரவான நூலொன்றைக் கேம்ப் வெளியிட்டார். பாதகமான பதில்கள் பல அதில் இடம்பெறவில்லை எனப் பின்னாளைய வரலாற்றாய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

1905 நெருக்கடி

அக்டோபர் 9, 1905 அன்று குடியரசுத் தலைவர் தியோடோர் ரூசவெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். யேலின் சார்பில் கேம்ப் பங்கேற்றார். விதிகளை நேர்மையாகப் பின்பற்றுவதாக மூன்று பல்கலைக்கழகங்களும் உறுதியளித்தன. ஆயினும் அப்பருவத்தில் நாடெங்கும் குறைந்தது 18 பேர் உயிரிழந்ததாக நாளிதழ்கள் கணக்கிட்டன. கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தைக் கைவிட்டது. ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் ரக்பிக்கு மாறின.

நியூயார்க் பல்கலைக்கழகத்திற்கு எதிரான ஆட்டமொன்றில் யூனியன் கல்லூரி மாணவர் இறந்ததையடுத்து, அப்பல்கலைக்கழக வேந்தர் ஹென்றி மெக்கிராக்கன் கல்லூரிகளின் மாநாட்டைக் கூட்டினார். டிசம்பர் 28 அன்று 60க்கும் மேற்பட்ட கல்லூரிகள் கூடித் தொடங்கிய சங்கமே 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப்படுகிறது. கேம்ப் செயலாளராக இருந்த பழைய விதிக்குழு இதன் குழுவுடன் இணைக்கப்பட்டது. செயலாளர் பொறுப்பு ஹார்வர்டு பயிற்சியாளர் பில் ரீடிடம் சென்றது.

1906 இல் மூன்று முயற்சிகளில் 10 யார்டு முன்னேற வேண்டும் என்ற கேம்ப்பின் யோசனை ஏற்கப்பட்டது. அதனுடன், அவர் விரும்பாத முன்னோக்கிப் பந்து வீசும் முறையும் பல கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டது. பந்து எங்கும் வீசப்படலாம் என்பதால் தடுப்பாளர்கள் பரந்து நிற்க வேண்டியதாயிற்று. ஆட்ட நேரம் 70 நிமிடங்களிலிருந்து 60 ஆகக் குறைந்தது. 1909 இல் மீண்டும் உயிரிழப்புகள் நிகழ்ந்ததால், பந்து வைத்திருப்பவரைச் சக வீரர்கள் தள்ளுவதும் இழுப்பதும் 1910 இல் தடை செய்யப்பட்டன. நான்காவது முயற்சி 1912 இல் சேர்க்கப்பட்டது.

இறுதிக்காலம்

முதலாம் உலகப் போரின்போது கேம்ப் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி முகாம்களின் உடற்பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அன்றாடம் செய்யத்தக்க 12 உடற்பயிற்சிகள் கொண்ட இவரது தொகுப்பு பெரும் புகழ் பெற்றது. 1925 இல் விதிக்குழுக் கூட்டத்திற்காக நியூயார்க் சென்றிருந்தபோது, விடுதி அறையில் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். நியூ ஹேவனில் அடக்கம் செய்யப்பட்டார். 1951 இல் கல்லூரிக் காற்பந்தாட்டப் புகழரங்கில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.

தாக்கம்

ஆட்டத்தின் ஆபத்தும் அதன் குறைப்பும் விதிகளிலிருந்தே தோன்றுகின்றன என்பதைக் கேம்ப்பின் வாழ்க்கை காட்டுகிறது. தலைக்கவசம் கல்லூரி ஆட்டங்களில் 1939 இலும், தொழில்முறைத் தேசியக் காற்பந்தாட்டக் கூட்டிணைவில் 1943 இலும் கட்டாயமாக்கப்பட்டது. மண்டையோட்டைக் காக்கும் தலைக்கவசத்தால் உள்ளே மூளை அதிர்வதைத் தடுக்க இயலாது. 2002 இல் மருத்துவர் பென்னட் ஒமாலு, காலமான வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆய்ந்து, தொடர் தலைக்காயங்களோடு தொடர்புடைய சிதைவு நோயைக் கண்டறிந்தார். இதன்பின் தலையால் மோதுவதற்கு எதிரான விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஓடிவந்து மோதும் வேகத்தைக் குறைக்க, தொடக்க உதையின் அமைப்பு தொழில்முறை ஆட்டத்தில் 2024 இல் மாற்றப்பட்டது.

1910 இல் தடை செய்யப்பட்ட தள்ளும் முறை பிற்காலத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனைத் தடை செய்யும் தீர்மானம் மே 2025 இல் 32 அணிகளுள் 22 இன் ஆதரவைப் பெற்றும், தேவையான 24 வாக்குகள் கிடைக்காமல் தோல்வியுற்றது. மோதலே இல்லாத கொடிக் காற்பந்தாட்டத்தை 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்க 2023 இல் முடிவு செய்யப்பட்டது.