கதைசொல்லியின் கத்தரிக்கோல்

சென்ற டிசம்பர் விடுமுறையில் தொடக்கநிலை மாணவர்களுக்குக் காகிதக் கைவினை கற்றுக்கொடுக்கத் தொண்டூழியராகச் சென்றேன். முதல் நாள் மாலையே எழுதுபொருள் கடைக்குப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிட்டேன். பேனா வடிவக் கத்தி, முனையை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர், சக்கரம்போல் உருளும் கத்தி, வெட்டுவதற்கான பச்சை விரிப்பு, எஃகு அடிக்கோல். நாற்பது வெள்ளிக்கு மேல் ஆனது.

வகுப்பில்தான் பிரச்சினை புரிந்தது. இவற்றில் ஒன்றைக்கூடப் பிள்ளைகளின் கையில் கொடுக்க முடியாது. ஆகவே நானே வெட்டினேன். எட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தான் எப்போது வெட்டலாம் என்று ஒரு சிறுமி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் பொறுத்திருக்கச் சொன்னேன். அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

அந்தக் கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான், பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரின் தெரியாத பக்கம் எனக்குக் கிடைத்தது. கடற்கன்னி கதையையும் அழகற்ற வாத்துக்குஞ்சு கதையையும் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், வாழ்நாள் முழுவதும் காகிதம் வெட்டியவர். கத்தி அல்ல, கத்தரிக்கோல்தான் அவருடைய கருவி.

ஆண்டர்சன் 1805ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர், தாய் துணி வெளுப்பவர். வீட்டில் காசு இல்லை. ஆனால் தந்தைக்குக் கதைகள் தெரியும். அவர் மகனுக்கு ஒரு பொம்மை நாடக அரங்கு செய்து கொடுத்தார். அதில் ஆடும் பொம்மைகளுக்குச் சிறுவனே துண்டுத் துணிகளை வெட்டி உடை தைத்தான். 1816ல் தந்தை இறந்துவிட்டார். பையனின் கைத்திறனைப் பார்த்த தாய், அவனைத் தையற்காரனாக்கிவிட வேண்டும் என்று நினைத்தார். அந்த நிலையில் இருந்த ஒரு தாய்க்கு அது நியாயமான ஆசைதான். பையனுக்கோ நாடக மேடை மீதுதான் கண். பதினான்கு வயதில், 1819 செப்டம்பரில், தனியாகத் தலைநகர் கோப்பன்ஹேகனுக்குக் கிளம்பிவிட்டான்.

ஆட வந்தது, பாட வந்தது, நடிக்க வந்தது எதுவும் நிலைக்கவில்லை. அரச நாடக அரங்கின் நிர்வாகிகளில் ஒருவரான ஜோனாஸ் காலின்தான் உதவிக்கு வந்து, அவருடைய படிப்புக்கு ஏற்பாடு செய்தார். பதினேழு வயதில், தம்மைவிடப் பல வயது இளைய பையன்களோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. தலைமை ஆசிரியர் கடுமையானவர். மாணவனை இழிவுபடுத்தத் தயங்காதவர். அந்த ஆண்டுகளைத் தம் வாழ்வின் மிக இருண்ட காலமாகவே ஆண்டர்சன் நினைத்தார். எழுத்துப்பிழையும் அவரை விட்டபாடில்லை. 1828ல்தான் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். 1835ல் சிறுவர் கதைகளின் முதல் சிறுநூல் வெளிவந்தது. அதன் பிறகு அவர் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. அது நமக்குத் தெரிந்த பகுதி.

தெரியாத பகுதி, விருந்துக்குப் போன வீடுகளில் நடந்தது. ஆண்டர்சன் திருமணம் செய்துகொள்ளவில்லை. நண்பர்களின் குடும்பங்களே அவருக்குக் குடும்பம். அங்கே பிள்ளைகள் சூழ்ந்துகொண்டதும் ஒரு தாளை எடுத்து மடிப்பார். கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே கதை சொல்வார். கதை முடியும்போது தாளை விரிப்பார். நடனப் பெண்கள், அன்னங்கள், கோட்டைகள், நாடகத் திரைகள், வயிற்றில் கதவு வைத்த காற்றாலை மனிதன் என்று ஏதேனும் ஒன்று வெளிவரும். தூக்கு மரத்தில் தொங்கும் ஆளும் உண்டு. சிறுவர்களுக்கு என்பதற்காக அவர் எல்லாவற்றையும் இனிப்பாக்கிவிடவில்லை, கதைகளிலும் அப்படித்தான்.

அவர் உயரமானவர், கைகள் பெரியவை. அந்தக் கைகளில் இருந்த கத்தரிக்கோலும் மிகப் பெரியது என்று பார்த்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அதைக் கொண்டு இவ்வளவு நுணுக்கமாக எப்படி வெட்டினார் என்பதுதான் அவர்களுக்கு வியப்பு. எனக்கும் நம்பமுடியவில்லை. நுண்ணிய வேலைக்கு நுண்ணிய கருவி என்றுதானே நாற்பது வெள்ளி செலவழித்தேன்?

வீட்டில் செய்து பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. விடை மடிப்பில் இருக்கிறது. தாளின் நடுவே ஒரு சன்னல் வேண்டுமானால் கத்தரிக்கோலால் ஆகாது. அது ஓரத்திலிருந்துதான் உள்ளே நுழையும். அதற்குத்தான் கத்தி தேவைப்படுகிறது. ஆனால், தாளை மடித்துவிட்டால் நடுப்பகுதியே ஓரமாகிவிடுகிறது! மடிப்பில் அரைவட்டம் வெட்டினால், விரிக்கும்போது முழுச் சன்னல். மடிப்பு, கத்தியின் வேலையைச் செய்துவிடுகிறது.

நீளமான கத்தரிக்கோலுக்கும் காரணம் உண்டு. சிறிய கத்தரிக்கோலில் பெரிய வளைவு ஒன்றை வெட்டப் பலமுறை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு சிறு பல் விழும். நீளமானதில் ஒரே இழுப்பில் வளைவு முடிந்துவிடும். திரும்ப வேண்டியது தாள்தான். கத்தரிக்கோல் பிடித்த கை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நான்காக மடித்த தடித்த பகுதியை ஆணிக்கு அருகே வைத்து வெட்ட வேண்டும், ஏனென்றால் விசை அங்கேதான் அதிகம். கண், மூக்கு போன்றவற்றுக்கு நுனி போதும். ஆக, பெரிய கத்தரிக்கோல் ஒன்றுக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. நுனி கூராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காகிதத்தோடு துணியும் சேரும் ஒட்டுப்படங்களில் மட்டும் இது செல்லாது. என் பாட்டி தம் தையல் கத்தரிக்கோலைப் பூட்டியே வைத்திருப்பார். காகிதம் வெட்டினால் அது மழுங்கி, அப்புறம் துணியை வெட்டாமல் மென்றுவிடும். பாட்டி சொன்னது முற்றிலும் சரி. இரண்டுக்கும் இரண்டு வேண்டும்.

துணியும் காகிதமும் சேரும் அழகை ஆண்டர்சன் நன்கு அறிந்திருந்தார். 1838ல் வந்த தகரப் போர்வீரன் கதையை நினைத்துப் பாருங்கள். ஒற்றைக்கால் வீரன் காதலிக்கும் நடனக்காரி, காகிதத்தில் வெட்டப்பட்டவள். மெல்லிய துணிப் பாவாடை, தோளில் நீல நாடா, அதன் நடுவே மின்னும் சமிக்கி. அவள் வாசலில் நிற்கும் கோட்டையும் காகிதம். முன்னால் உள்ள குளம் ஒரு கண்ணாடித் துண்டு. இன்று கலப்புப் பொருள் கலை என்று நாம் படிப்பது இதைத்தான். பொம்மைக்கு உடை தைத்த சிறுவனின் கைகள் அந்தக் கதைக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1857ல் அவர் இங்கிலாந்து சென்று எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்சின் வீட்டில் ஐந்து வாரங்கள் தங்கினார். அதிகமாகத் தங்கிவிட்டார் என்பது அந்த வீட்டாரின் மனக்குறை. அவருடைய ஆங்கிலமோ தட்டுத்தடுமாறும் ஆங்கிலம். இரண்டு மொழிகளுக்கு இடையே வளர்ந்த நமக்கு, வாய் திறக்கத் தயங்கி நிற்கும் அந்த நிலை புதிதல்ல. ஆனால், டிக்கன்சின் மகன்களில் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது ஆண்டர்சனின் ஆங்கிலத்தை அல்ல. சாதாரணக் கத்தரிக்கோல் ஒன்றால் அவர் வெட்டித் தந்த குட்டித் தேவதைகளையும் விலங்குகளையும்தான்.

வெட்டியவற்றைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவார். மெல்லிய தாள், குழந்தைகளின் கை. எத்தனை கிழிந்து போயிருக்கும்! இருந்தும் நூற்றுக்கணக்கானவை தப்பிப் பிழைத்திருக்கின்றன. பத்திரிகைப் படங்களையும் தம் வெட்டுருவங்களையும் ஒட்டிப் படப் புத்தகங்களும் செய்து கொடுத்தார்.

1872ல் கட்டிலிலிருந்து விழுந்து அடிபட்டதிலிருந்து அவர் உடல் முழுமையாகத் தேறவில்லை. 1873-74 குளிர்காலத்தில் நோயோடு வீட்டில் அடைந்து கிடந்தபோது, நான்கு மடிப்புகள் கொண்ட அறைத் தடுப்பு ஒன்றை எடுத்து, இருபுறமும் படங்களை வெட்டி ஒட்டத் தொடங்கினார். குழந்தைப் பருவம், நாடகம், டென்மார்க், தாம் பயணம் செய்த நாடுகள் என்று எட்டுப் பக்கங்கள். முகங்களும் கட்டடங்களும் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து நிற்கும். எழுதுவது குறைந்துவிட்ட காலத்திலும் கத்தரிக்கோல் நிற்கவில்லை. 1875ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி, கோப்பன்ஹேகனுக்கு அருகே நண்பர்களான மெல்ஷியோர் குடும்பத்தாரின் இல்லத்தில் காலமானார். அந்தத் தடுப்பு இன்றும் ஓடென்ஸ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த வகுப்புக்கு நான் எடுத்துச் சென்றவை, சிறுவர்களுக்கான எட்டுக் கத்தரிக்கோல்களும் ஒரு கட்டு மெல்லிய வண்ணத் தாளும்தான். மூன்று முறை கேட்ட சிறுமி முதல் ஆளாக வெட்டி முடித்தாள். மடித்த பக்கத்தை முழுவதுமாக வெட்டிவிட்டதால், விரித்தபோது பொம்மை இரண்டு பாதியாகக் கையில் வந்தது. ஒரு கணம் இரண்டையும் பார்த்தாள். பிறகு இருவரும் அக்கா தங்கை என்று சொல்லிப் பசை கேட்டாள்.